பலாலியிலிருந்து சென்னைக்கு எவ்வளவு நேரம்?

எமது தமிழ்ப் பாடசாலையின் ஆண்டு விழா மலருக்குக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் கேட்டபொழுது, மொழி பற்றியோ பண்பாடு பற்றியோ எழுதலாம் என்றுதான் முதலில் எண்ணினேன். அவை பற்றி என்னைவிட நன்கறிந்தோர் இம்மலரிலேயே எழுதுகின்றனர். ஆதலால், சென்ற தவணையில் எனது வகுப்பில் எழுந்த ஒரு கேள்விக்கு அன்று நான் கூறாது விட்ட பதிலை இங்கே எழுத முனைகின்றேன்.

எட்டாம் ஆண்டு மாணவர்களுக்குத் தமிழ் எண்ணுப் பெயர்களில் பயிற்சி கொடுக்க வேண்டியிருந்தது. வெறும் எண்களை எழுதச் சொன்னால் பிள்ளைகள் கொட்டாவி விடுவர் என்பது எனது நீண்டகால அனுபவம். ஆகவே, இலண்டன் ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து தத்தம் பெற்றோரின் ஊருக்கு அண்மையிலுள்ள விமான நிலையம் எத்தனை கிலோமீற்றர் தொலைவில் உள்ளது, பறப்பதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பவற்றைக் கணினியில் பார்த்து, அவற்றைத் தமிழ்ச் சொற்களில் எழுதி வருமாறு கூறினேன். மறுவாரம் ஒவ்வொருவரும் வாசித்தனர். ஹீத்ரோவிலிருந்து சென்னைக்கு எண்ணாயிரத்து இருநூற்று முப்பத்தைந்து கிலோமீற்றர். கொழும்புக்கு எண்ணாயிரத்து எழுநூற்றுப் பதினைந்து. எண்ணுப் பெயர்களில் பிழை விட்டோர் சிலரே. எனக்குப் பெருமகிழ்ச்சி.

பாடம் முடியும் தறுவாயில் ஒரு மாணவி எழுந்தாள். அவள் சற்று அதிகமாகவே தேடியிருக்கிறாள்.

"ரீச்சர், பலாலியில இருந்து சென்னைக்கு 355 கிலோமீற்றர்தானாம். இஞ்ச லண்டன்ல இருந்து எடின்பரோவுக்கே ஐந்நூறுக்கு மேல. அப்ப ஏன் எங்கட அம்மம்மா ஒருக்காக்கூடச் சென்னைக்குப் போகேல்லை?"

மணி அடித்தது. அடுத்த வாரம் கூறுகிறேன் என்றேன். அடுத்த வாரமும் நான் கூறவில்லை. அவளும் நற்பண்புடைய பிள்ளை, திரும்பக் கேட்கவில்லை.

கணினி கூறும் தூரம் எத்தகையது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பள்ளிச் சுவரில் தொங்கும் உலக வரைபடத்தில் இலண்டனையும் சென்னையையும் அளவுகோலால் இணைத்தால் கிடைக்கும் கோடன்று அது. பூமி உருண்டையானது. ஒரு பூகோள உருண்டையை எடுத்து, ஒரு நூலின் ஒரு நுனியை இலண்டனிலும் மறு நுனியைச் சென்னையிலும் வைத்து இறுக்கிப் பிடியுங்கள். நூல் எவ்வழியே படிகின்றதோ அதுவே மிகக் குறுகிய வழி. அந்நூல் நீங்கள் எதிர்பார்ப்பதைவிட வடக்கே வளைந்து செல்வதைக் காண்பீர்கள். அந்த நூலின் நீளமே கணினி கூறும் தூரம். மலைகள், போர்கள், எல்லைகள், மூடப்பட்ட வான்பரப்புகள் எவற்றையும் நூல் அறியாது.

பறக்கும் நேரம் வேறொரு கணக்கு. இலண்டனிலிருந்து கிழக்கு நோக்கிச் செல்லும்போது, உயரத்தில் மேற்கிலிருந்து வீசும் கடுங்காற்று விமானத்தைப் பின்னிருந்து தள்ளுகின்றது; திரும்பும்போது அதே காற்று எதிர்த்து நிற்கின்றது. ஆகவே போகும் நேரமும் வரும் நேரமும் ஒன்றாக இருப்பதில்லை. குறுந்தூரப் பயணங்களிலோ காற்றைவிடத் தரைதான் நேரத்தை விழுங்கும். மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீற்றர் வேகத்தில் பறக்கவல்ல ஏ.ரி.ஆர். 72 என்னும் சுழல்விசிறி விமானத்துக்கு 355 கிலோமீற்றர் தூரம் முக்கால் மணித்தியால வேலைதான். எனினும், பயணச்சீட்டில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் குறித்திருப்பார்கள். தரிப்பிடத்திலிருந்து நகர்ந்து, ஓடுபாதையில் முறைக்குக் காத்திருந்து, மேலேறி, கீழிறங்கி, மறுபடியும் தரிப்பிடத்தில் நிற்கும்வரை உள்ள நேரம் அனைத்தும் அதிலே சேரும். இவையெல்லாம் விளக்கக்கூடியவை. வகுப்பிலே அன்று இவற்றையே கூறித் தப்பியிருக்கலாம்.

எங்கள் ஊர் சுன்னாகம். பலாலி விமான நிலையம் அங்கிருந்து மிதிவண்டியில் சென்று வரும் தூரம். இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானிய வான்படையினர் அமைத்த தளம் அது. 1947ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் எயர் சிலோன் நிறுவனம் தனது முதற் பயணச் சேவையைத் தொடங்கியபோது, அதன் டக்கோட்டா விமானம் இரத்மலானையிலிருந்து புறப்பட்டுப் பலாலியில் இறங்கி, அதன் பின்னரே சென்னைக்குச் சென்றது. அந்நாட்டின் முதலாவது சொந்த விமானச் சேவை தொட்ட இரண்டாவது நிலம் எங்கள் செம்மண் என்பதை எங்கள் தந்தையார் அடிக்கடி கூறுவார்; கூறும்போது அவர்தாம் அதனை ஓட்டிச் சென்றவர்போல் இருக்கும். எனது சிறுபராயத்தில் அவ்ரோ விமானத்தின் இரைச்சல் கேட்டதும் அம்மா அடுப்பில் உலை வைப்பார். மணிக்கூடு பார்க்கும் வழக்கம் எங்கள் அடுக்களையில் இருக்கவில்லை.

எயர் சிலோன் மூடப்பட்டது. 1979இல் எயர் லங்கா தொடங்கப்பட்டது. பலாலியிலிருந்து சென்னைக்குச் செல்லும் வழி அடைபட்டது. அடைபட்ட வழியின் அருமை எமக்கு உடனே தெரியவில்லை; இராமேசுவரத்துக்குத் தலைமன்னாரிலிருந்து கப்பல் இருந்தது, கொழும்புக்கு யாழ்தேவி இருந்தது. ஒன்றன்பின் ஒன்றாக அவையும் நின்றன.

நான் 1986இல் இலண்டனுக்கு வந்தேன். தங்கை குடும்பத்துடன் சென்னையில் குடியேறினாள். அண்ணா சுன்னாகத்தில் ஆசிரியராக இருந்தார். அம்மா அவருடன் இருந்தார். 1990ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கண் சிகிச்சைக்கென அம்மா கொழும்பு வழியாகச் சென்னைக்குச் சென்றார். மூன்று மாதத்தில் திரும்புவதாகத்தான் ஏற்பாடு. போகும்போது தாம் தண்ணீர் குடிக்கும் மூக்குப்பேணியைச் சேலைகளுக்கிடையே சுற்றி எடுத்துச் சென்றார். பிறர் வீட்டுக் குவளையில் வாய் வைத்துக் குடிக்க அவருக்கு என்றுமே மனம் வராது. (இம்மலரை வாசிக்கும் பிள்ளைகளுக்கு: மூக்குப்பேணி என்பது பக்கத்தில் சிறு மூக்கு வைத்த பித்தளைப் பாத்திரம். அண்ணாந்து, வாயில் படாமல் குடிக்க வேண்டும். பழகாதவர்கள் சட்டையை நனைத்துக்கொள்வர்.)

அந்த ஜூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டது. புகையிரதம் நின்றது. ஆனையிறவுப் பாதை மூடப்பட்டது. குடாநாட்டில் மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை. மூன்று மாதம் மூன்று ஆண்டாயிற்று.

1993ஆம் ஆண்டு பெப்ரவரியில் ஓரிரவு தங்கையிடமிருந்து தொலைபேசி வந்தது. அம்மா இறந்துவிட்டார். மறுநாள் காலை ஹீத்ரோவில் விமானம் ஏறி, பம்பாயில் மாறி, அதற்கடுத்த நாள் விடியற்காலையில் சென்னையில் இறங்கினேன். அந்நகருக்கு அப்போது மெட்ராஸ் என்றே பெயர். பம்பாய் வழியாகச் செல்வது நேர்வழியைவிடப் பத்துக் கிலோமீற்றர் அளவே கூடுதலானது என்பதை இக்கட்டுரைக்காகக் கணக்கிட்டபோதுதான் அறிந்தேன். எண்ணாயிரம் கிலோமீற்றருக்கு அப்பாலிருந்த மகள் ஒன்றரை நாளில் வந்து தாயின் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

அண்ணாவுக்குச் செய்தி அனுப்புவதெப்படி? தங்கை கொழும்பிலுள்ள உறவினர் ஒருவருக்குத் தொலைபேசியில் கூறினாள். அவர் கடிதம் எழுதி, யாழ்ப்பாணம் செல்லும் ஒருவரைத் தேடிப் பிடித்துக் கொடுத்தனுப்பினார். அக்கடிதம் அண்ணாவின் கையில் கிடைத்தது ஏழாம் நாள். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. உடலைப் பனிக்கட்டியில் வைத்து எனக்காகக் காத்திருந்தவர்களால் அண்ணாவுக்காகக் காத்திருக்க இயலவில்லை. கொள்ளி வைக்க வேண்டிய ஒரே மகன் 355 கிலோமீற்றர் தொலைவில், தாய் இறந்ததே அறியாமல், பள்ளிக்கூடத்தில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தார். தங்கையின் மகன் கொள்ளி வைத்தான். அவனுக்குப் பதின்மூன்று வயது. எனது வகுப்புப் பிள்ளைகளின் வயதுதான். கொள்ளிக்குடத்தின் பாரம் தாங்காது அவன் தோள் ஒரு பக்கம் சரிந்ததை நான் மறக்கவில்லை.

கடிதம் கிடைத்த அன்றே அண்ணா புறப்பட ஆயத்தமானார். வெளியேறுவதற்கு அனுமதிச்சீட்டு வேண்டும். அதற்குப் பிணை நிற்க ஆள் வேண்டும். அதிலே நாட்கள் சென்றன. பின்னர் மிதிவண்டியில் கிளாலிக்குச் சென்றார். அக்காலத்தில் கிளாலிக் கடனீரேரியைப் படகில் கடப்பதே குடாநாட்டு மக்களுக்கு எஞ்சியிருந்த வழி. இருட்டில், விளக்கின்றி, படகுகளை ஒன்றின் பின் ஒன்றாகக் கயிற்றால் பிணைத்து இழுத்துச் செல்வர். அவ்வழியில் உயிரிழந்தோர் பலர். முதலிரு இரவுகளும் படகு புறப்படவில்லை, கரையிலேயே உறங்கினார். மூன்றாம் இரவு கடந்தார். அங்கிருந்து வவுனியா. வவுனியாவில் சோதனை, காத்திருப்பு. அங்கிருந்து கொழும்பு. கொழும்பில் பொலிஸ் பதிவு, விசாவுக்கான வரிசை, உறவினர் வீட்டுக் கூடத்தில் பாய். ஈற்றில் கட்டுநாயக்காவிலிருந்து விமானம். அம்மா இறந்த இருபத்தொன்பதாம் நாள் மாலை தங்கையின் வீட்டு வாசலில் வந்து நின்றார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைகளை அவரே செய்தார். நான் அதுவரை அங்கேயே தங்கியிருந்தேன்.

வந்தவர் அழவில்லை. குளித்தார், சாப்பிட்டார். இரவு தங்கையின் மகனை அருகிலிருத்தி அவனது பூகோளப் படப்புத்தகத்தையும் அளவுகோலையும் வாங்கினார். கணித ஆசிரியர் அல்லவா! கொழும்பிலும் சென்னையிலும் புள்ளியிட்டு, இரண்டையும் நேர்கோட்டால் இணைத்தார். பிறகு படத்தை என்னிடம் நீட்டினார். அக்கோடு யாழ்ப்பாணத்துக்கு மேலாகச் சென்றது.

"பார் பிள்ளை, நான் வீட்டில இருந்து வெளிக்கிட்டுக் கொழும்புக்குப் போய், திரும்ப எங்கட வீட்டுக் கூரைக்கு மேலாலதான் இஞ்ச வந்திருக்கிறன்."

அன்று அதை அவரது மனச்சோர்வில் பிறந்த பேச்சென்றே எண்ணினேன். இப்போது கணக்கிட்டுப் பார்த்தால் அவர் கூறியது ஏறக்குறைய எழுத்துக்கு எழுத்து உண்மை. கட்டுநாயக்காவிலிருந்து சென்னைக்கு இழுக்கும் நேர்கோடு சுன்னாகத்தை ஒட்டியே செல்கின்றது. அதன் நீளம் ஏறத்தாழ 645 கிலோமீற்றர். தரைவழியே தெற்கு நோக்கிச் சென்ற நானூறு கிலோமீற்றரையும் சேர்த்தால், 355 கிலோமீற்றர் செல்வதற்காக அவர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிலோமீற்றர் பயணம் செய்திருக்கிறார். கடிதம் கிடைத்த நாள் முதல் இருபத்திரண்டு நாட்கள். நேர்வழித் தூரத்தை நாட்களால் வகுத்தால் நாளொன்றுக்குப் பதினாறு கிலோமீற்றர். நடுவில் கடல் மட்டும் இல்லாதிருந்தால் அவர் நடந்தே விரைவில் வந்திருப்பார்.

இன்னுமொன்று கூறவேண்டும். சென்னை விமான நிலையமும் பலாலியும் ஏறத்தாழ ஒரே தீர்க்கரேகையில் அமைந்துள்ளன. வேறுபாடு ஒரு பாகையில் பத்திலொரு பங்கு. அதாவது, இரண்டு இடங்களிலும் சூரியன் உச்சிக்கு வரும் நேரத்தில் அரை நிமிடங்கூட வித்தியாசமில்லை. அம்மாவை எரியூட்டியது நண்பகல் வேளை. அதே சூரியன் அதே கணத்தில் அண்ணாவின் பள்ளிக்கூட முற்றத்திலும் உச்சியில் நின்றிருக்கும். அவர் மதிய இடைவேளைக்கு வெளியே வந்திருப்பார்.

அண்ணா திரும்பிச் செல்லும்போது மூக்குப்பேணியை எடுத்துச் செல்லுமாறு தங்கை கொடுத்தாள். அவர் மறுத்துவிட்டார். வழியிலே எத்தனை இடத்தில் பையைக் கவிழ்த்துக் காட்ட வேண்டியிருக்கும் என்று அவருக்குத் தெரியும். "பாதை திறக்கட்டும்" என்று மட்டும் கூறினார். அது தங்கையின் வீட்டுச் சுவாமி அறையிலேயே இருந்தது.

பாதை திறந்தது, மூடியது, மீண்டும் திறந்தது. 2019ஆம் ஆண்டு ஒக்ரோபர் 17ஆம் நாள் பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்ற பெயருடன் திறந்துவைக்கப்பட்டு, சென்னையிலிருந்து அலையன்ஸ் எயர் விமானம் வந்திறங்கியது. நாங்கள் பயணத்துக்கு ஆயத்தமாகு முன்னரே 2020 மார்ச்சில் கொரோனா வந்து அதனை நிறுத்தியது. 2022 டிசம்பர் 12ஆம் நாள் சேவை மீண்டும் தொடங்கிற்று. 2025 மார்ச் இறுதியில் திருச்சிராப்பள்ளியிலிருந்தும் பலாலிக்கு விமானம் பறக்கத் தொடங்கியது. அது இன்னும் குறுகிய தூரம். நூல் பிடித்தால் 184 கிலோமீற்றர்தான். இப்போது நினைத்தாலும் வியப்பாகவும் சற்று ஆத்திரமாகவும் இருக்கின்றது. வானில் புதிதாக யாரும் பாதை வெட்டவில்லை. அது 1947இலேயே இருந்த பாதை.

2024 சனவரியில் நான் சென்னைக்குச் சென்றேன். அண்ணாவும் பேரப்பிள்ளையின் திருமணத்துக்காக அங்கே வந்திருந்தார். அவருக்கு எழுபத்தேழு வயது. இருவரும் சேர்ந்து பலாலிக்குப் பயணச்சீட்டு எடுத்தோம். காலை உணவைத் தங்கையின் வீட்டில் உண்டோம். இம்முறை மூக்குப்பேணியைத் தங்கை கேட்காமலே அண்ணாவின் கைப்பையில் வைத்தாள், அவரும் மறுக்கவில்லை.

சிறிய விமானம். வலப்பக்கச் சாளர இருக்கையை அண்ணாவுக்கு விட்டுக்கொடுத்தேன். சோழமண்டலக் கரை அப்பக்கத்தில் நெடுந்தூரம் கூடவே வந்தது. பின்னர் அதுவும் மேற்கே விலகிப் போக, கீழே கடல் மட்டும். அண்ணா கைக்கடிகாரத்தைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். கடல் முடிந்ததும் வடகரை, பனைகள், சிவந்த தோட்டங்கள். கரையைக் கண்டு இரண்டு மூடநம்பிக்கை மிக்க கிழவர்கள்போல் நாமிருவரும் ஒருவர் கையை ஒருவர் பற்றிக்கொண்டோம். அதற்குள் சக்கரங்கள் தரையைத் தொட்டுவிட்டன.

"தரையை விட்டு எழும்பினதில இருந்து ஐம்பத்தெட்டு நிமிஷம்" என்றார் அண்ணா. வேறெதுவும் கூறவில்லை.

சுங்கச் சோதனையில் இளம் அதிகாரி ஒருவர் பையைத் திறந்து மூக்குப்பேணியைக் கையிலெடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கு அது என்னவென்று தெரியவில்லை. இது என்ன, விற்பனைக்கா என்று கேட்டார். அண்ணா, "எங்கட அம்மாவின்ர. தண்ணி குடிக்கிறது" என்றார். அவர் அதனை மெதுவாகத் துணியில் சுற்றித் திரும்பவும் பைக்குள் வைத்தார்.

மதிய உணவுக்கு வீட்டில் இருந்தோம். அண்ணா கிணற்றடிக்குச் சென்று பேணியைப் புளி போட்டு விளக்கினார். முப்பத்து நான்கு ஆண்டுக் களிம்பு முழுவதும் போகவில்லை. அதில் தண்ணீர் வார்த்து அண்ணாந்து குடித்துவிட்டு என்னிடம் தந்தார். இலண்டனில் இத்தனை ஆண்டு வாழ்ந்ததில் எனக்குப் பழக்கம் விட்டுப் போயிருந்தது. சேலை முழுவதும் நனைந்துவிட்டது.

எனது மாணவிக்கு இன்னும் பதில் கூறவில்லை. அவளுடைய அம்மம்மா உயிருடன் இருக்கிறார், வடமராட்சியில். சென்ற வாரம் அவளது தாயாரைப் பாடசாலை வாசலில் கண்டபோது, வரும் கோடை விடுமுறையில் சென்னைக்குப் போகிறோம், அம்மாவையும் அங்கே கூப்பிடலாமோ என்று யோசிக்கிறோம், எவ்வளவு நேரம் பிடிக்கும் ரீச்சர் என்று கேட்டார். விமானத்தில் ஒரு மணித்தியாலம் என்றேன். விசாவுக்கு இப்போதே விண்ணப்பிக்கச் சொல்லியும் விட்டேன்.